செபமா, தோல்நெய்யா?

சொல் என்பது வெற்றொலியன்று; பொருளைச் சுமந்து வரும் வண்டி. வண்டி தவறான வாயிலில் வந்து நின்றால் பொருளும் தவறான வீட்டில்தான் இறங்கும். இதனை நான் ஏட்டிற் படித்து அறிந்தேனல்லேன். வகுப்பறையிலேயே கண்கூடாகக் கண்டேன்.

சில ஆண்டுகட்கு முன் பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் நடத்திக்கொண்டிருந்தபோது, மாணவி ஒருத்தி தான் கடையில் வாங்கி வைத்திருந்த வழிகாட்டி நூலிலிருந்து ஒரு வரியை உரக்கப் படித்தாள்: "சருமத்தில் செபம் சுரக்கிறது, அது சருமத்தைக் காக்கிறது." படித்தவள் நிமிர்ந்து, "ஐயா, செபம் என்றால் மாதா கோயிலில் சொல்வதுதானே? அஃது எப்படி உடம்பில் சுரக்கும்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டவள்மேல் எள்ளளவும் பிழையில்லை. தமிழெழுத்தில் எழுதப்பட்டிருந்த ஒரு சொல்லைத் தமிழ்ச்சொல் என்றே நம்பிப் பொருள் தேடினாள் அவள். அந்த நம்பிக்கைக்கு இரண்டகம் செய்தவர் நூலெழுதியவரே.

தோலின் மேற்பரப்பில் கசிந்து பரவும் கொழுப்புப் பொருளுக்கு மேலை மருத்துவர் வழங்கும் பெயர் 'சீபம்' என்னும் இலத்தீன் சொல். அதனை ஒருவர் சீபம் என்பார். ஒருவர் செபம் என்பார். இன்னொருவர் வடவெழுத்தைச் சேர்த்து எழுதித் தாம் பிழையற எழுதிவிட்டதாக மகிழ்வார். எப்படி எழுதினும் அது தமிழ் மாணவனுக்கு ஒன்றையும் உணர்த்துவதில்லை. 'செபம்' என்று எழுதினாலோ ஒன்றும் உணர்த்தாததோடு நில்லாமல் வேறொன்றை உணர்த்திவிடுகிறது. நம்முடைய பகரம் சொல்லின் இடையில் மெலிந்தொலிக்கும் இயல்புடையது. ஆகவே அயற்சொல்லும் வழிபாட்டுச் சொல்லும் எழுத்தாலும் ஒலியாலும் ஒன்றாகிவிட்டன.

அப்பொருள்தான் யாது? உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாக உடலெங்கும், பெரும்பாலும் மயிர்க்காலை ஒட்டி, சிறுசிறு சுரப்பிகள் உள்ளன. முகத்திலும் தலையிலும் இவை மிகச் செறிந்திருக்கின்றன. இச்சுரப்பியின் உயிரணுக்கள் தம்முள் கொழுப்பை நிரப்பிக்கொண்டே முதிர்ந்து, முடிவில் தாமே உடைந்து அக்கொழுப்பாகவே மாறி வெளிவருகின்றன. வேலையாள் விளைத்துத் தருவது போலன்று இது, வேலையாளே விளைபொருளாகிவிடுவது. அவ்வாறு வருவதை நூறு பங்காக்கினால் ஏறத்தாழ 55 முதல் 60 பங்கு வரை முக்கொழுப்புகளும், அவை உடைந்துண்டாகும் கொழுப்புக் காடிகளும் ஆகும். பாடநூலார் இக்காடிகளைக் கொழுப்பமிலம் என்பர். ஏறத்தாழ 25 பங்கு மெழுகுகள். 12 பங்கு அளவில் 'இசுகுவாலீன்' என்னும் பொருள் உண்டு. சுறாவின் ஈரல் நெய்யில் இதனைக் கண்ட சப்பானிய வேதியலர் சுசிமோட்டோ, சுறாவின் இலத்தீன் பெயரையே கொண்டு 1916-இல் இதற்குப் பெயரிட்டார். மறைமலையடிகள் தனித்தமிழ்க் கொள்கையைக் கைக்கொண்ட ஆண்டும் அதே 1916 என்பது நினைவில் வைக்கத்தக்கது. உலகில் பொருள்கள் புதிது புதிதாய்ப் பெயர் பெற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே, நம் பெயர்களை நாமே இடவேண்டும் என்ற குரலும் இங்கு எழுந்துவிட்டது. குரல் எழுந்து நூறாண்டு கடந்தும் நம் தோலில் ஊறுவதற்கு ஒரு பெயரை நாம் நிலைநிறுத்தவில்லை.

"இஃது உலகப் பொதுச்சொல், இதனை மாற்றலாகாது" என்று சிலர் தடுக்க வருவர். அவர்கட்கு ஒன்று சொல்வேன். இலத்தீனில் 'சீபம்' என்பது ஆய்வகத்திற் பிறந்த சொல்லன்று. ஆடுமாடுகளின் கொழுப்புக்கு அந்நாட்டார் வழங்கிய வீட்டுச்சொல். உருக்கி விளக்கெரிக்கப் பயன்பட்ட பொருளின் பெயரையே மருத்துவன் எடுத்துத் தோலுக்குச் சூட்டினான். செருமானியர் இலத்தீனை அப்படியே ஏற்றனரா? இல்லை. அதே விலங்குக் கொழுப்புக்குத் தம் மொழியிலுள்ள 'தால்க்' என்னும் சொல்லைக் கொண்டு அச்சுரப்பியைத் 'தால்க் சுரப்பி' என்கின்றனர். உருசியர் பன்றிக் கொழுப்பைக் குறிக்கும் தம் 'சாலோ' என்னும் சொல்லோடு தோலைச் சேர்த்து வழங்குகின்றனர். சீனரும் சப்பானியரும் தோலுக்கு ஓரெழுத்தும் கொழுப்புக்கு ஓரெழுத்துமாக ஈரெழுத்தில் முடித்துக்கொண்டனர். இவருள் எவருடைய மருத்துவமும் இதனாற் கெட்டுவிடவில்லை. ஆங்கிலவன் வழங்குவதே உலகப் பொதுச்சொல் என்னும் மயக்கம், ஆங்கிலவனால் ஆளப்பட்டவர்க்கே உரிய நோய்.

இனி, நாம் இதற்கு இடத்தக்க பெயர் யாது? இங்கேதான் நம்மவரே அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று உளது. தமிழ்ச்சொல் ஏதேனும் ஒன்றைத் தூக்கி வைத்துவிட்டாற் போதும் என்று எண்ணுவது தனித்தமிழாகாது. சொல்லிற் தூய்மை வேண்டுவது போலவே பொருளிலும் தூய்மை வேண்டும். பொருளொடு பொருந்தாத தமிழ்ச்சொல், அயற்சொல்லைவிடவும் தீங்கு செய்யும். ஏனெனில் அயற்சொல்லைக் கண்டு ஐயுறுபவன் தமிழ்ச்சொல்லை ஐயுறாமல் நம்பிவிடுவான்.

'கொழுப்பு' என்று சொல்லலாமா? தோலுக்கடியில் திரண்டிருக்கும் கொழுப்பு வேறொன்று உண்டே, இரண்டும் மயங்கும். 'எண்ணெய்' எனலாமா? மக்கள் "முகத்தில் எண்ணெய் வடிகிறது" என்பது உண்மைதான். எனினும் எண்ணெய் எள்ளின் நெய். நிலைத்திணையிலிருந்து பிழிந்ததற்கே அது பெரும்பாலும் உரியது. 'மெழுகு' எனலாமா? மெழுகு அதில் காற்பங்குதான். 'பிசுக்கு' எனலாமா? தூசியும் வியர்வையும் சேர்ந்த அழுக்குக்கே அச்சொல் பழகிவிட்டது. உடலைக் காக்கும் ஒரு பொருளை அழுக்கென்று பெயரிட்டு அழைப்பது முறையன்று.

எஞ்சுவது 'நெய்'. இன்று நாம் அதனைப் பாலின் நெய்யென்றே சுருக்கிவிட்டோம். ஆயினும் அதன் பரப்பு பெரிது. வெண்ணெய், எண்ணெய், பன்றிநெய், மீன்நெய் என்று பாலினின்றும் வித்தினின்றும் உயிரியின் உடலினின்றும் பெறும் நெய்ப்புப் பொருளனைத்துக்கும் அது தாயாக நிற்கிறது. ஆகவே தோலில் ஊறுவது தோல்நெய். அதனை ஊறச் செய்வது தோல்நெய்ச் சுரப்பி. புணர்ச்சி நெறிப்படி 'தோனெய்' என்றாகும். புலவர்க்கு அது இனிக்கும். ஆனால் மாணவனுக்கும் மருத்துவமனையில் நிற்கும் தாய்க்கும் 'தோல்நெய்' என்று பிரித்து எழுதுவதே விளக்கம். கால்நடை என்று நாம் எழுதவில்லையா?

கண்ணில் திரள்வதற்குப் பீளை என்றும், காதில் திரள்வதற்குக் குறும்பி என்றும், தலையில் உதிர்வதற்குப் பொடுகு என்றும், ஒன்றொன்றுக்கும் தனித்தனிப் பெயரிட்டு வைத்த மொழி இது. அவற்றுள் குறும்பியில் தோல்நெய்யும் கலந்திருக்கிறது. பொடுகுக்குத் துணையாகும் நுண்பூஞ்சை தோல்நெய்யை உண்டே வாழ்கிறது. கிளைகட்கெல்லாம் பெயர் வைத்துவிட்டு வேருக்கு இலத்தீனிடம் கையேந்துவானேன்?

இம்மட்டோடு வினை முடிந்ததாயின் இக்கட்டுரையை நான் எழுதியிரேன். தோலில் மற்றொரு கொழுப்பும் உண்டு. முன்னதினும் இதுவே பெரிய செய்தி.

தோலின் மிக மேலான அடுக்கு, உயிர்நீங்கித் தட்டையான அணுக்கள் 15 முதல் 20 வரிசையாய் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய சுவர். அதன் பருமன் ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கு அல்லது இரு பங்குதான். அத்துணை மெல்லிய சுவரே உடலின் நீர் ஆவியாகிப் போகாமலும், வெளிநஞ்சும் நுண்ணுயிரும் உட்புகாமலும் நம்மைக் காக்கிறது. 1983-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் பீட்டர் எலியாசு இதனைச் செங்கல்லும் சாந்துமாகக் கண்டு விளக்கினார். அணுக்கள் செங்கல், அவற்றின் இடுக்குகளை நிரப்பி நிற்கும் கொழுப்பே சாந்து. அச்சாந்தில் ஏறத்தாழப் பாதி 'செராமைடு' என்று இன்று களிம்புக் குப்பிகளின்மேல் எழுதப்படும் பொருள், காற்பங்கு கொலசுட்டரால், எஞ்சியதிற் பெரும்பகுதி கொழுப்புக் காடிகள். இச்சாந்து எந்தச் சுரப்பியிலிருந்தும் வருவதன்று. செங்கல்லாகப் போகும் அணுக்களே, தாம் மாய்வதற்கு முன் இதனைச் செய்து தம் புறத்தே பூசிவிட்டுப் போகின்றன.

ஆக, தோலுக்குக் கொழுப்பு இரண்டு. ஒன்று சுரப்பியிலிருந்து மேலே வழிவது. மற்றொன்று சுவரினுள் இறுகி நிற்பது. இரண்டும் வேறு என்பதற்குச் சான்று வேண்டுமா? ஏழு அகவைக் குழந்தையைப் பாருங்கள். பூப்பு அகவைக்கு முன் தோல்நெய் மிகச் சிறிதே சுரக்கும். எனினும் குழந்தையின் மேனி பூப்போல் இருக்கிறது. சாந்து நன்றாயிருப்பதே அதற்குக் கரணியம். உங்கள் குதிகாலைப் பாருங்கள். மக்கள் பித்தவெடிப்பு என்று சொல்லும் பிளவு அங்குத் தோன்றுகிறது. உள்ளங்காலிலோ தோல்நெய்ச் சுரப்பியே இல்லை. அங்குக் காவல் முழுதும் தடித்த மேலடுக்கும் அதன் சாந்துமே. அவ்வடுக்கு நீரிழந்து விறைத்தால் உடல் எடையைத் தாங்காமல் பிளக்கிறது.

இந்த இரண்டாவதற்கு நான் முன்வைக்கும் பெயர் 'தோற்சாந்து'. எலியாசின் உவமையைத் தழுவியது மட்டுமன்று இப்பெயர். தமிழிற் சாந்து என்பது சுவருக்கு இடும் சுண்ணச் சாந்தையும் குறிக்கும். மேனியிற் பூசும் மணச் சாந்தையும் குறிக்கும். கொத்தனுக்கும் மேனிக்கும் பொதுவான சொல் ஒன்று நம் மொழியில் முன்னமே அணியமாய் இருக்கிறது. நம் முன்னோர் இக்கொழுப்பை அறிந்திருந்தனர் என்று நான் சொல்ல வரவில்லை. அத்தகைய வெற்றுப் பெருமை நமக்கு வேண்டா. அவர்கள் அறிந்திராததையும் சொல்லவல்ல சொல்லை விட்டுச் சென்றனர் என்பதே என் கூற்று.

சாந்தின் பெரும்பகுதியாகிய செராமைடு என்னும் வேதிப்பொருளுக்கு என் செய்வது? 'செரா' என்னும் இலத்தீன் சொல் மெழுகைக் குறிப்பது. அதனோடு 'அமைடு' சேர்ந்தது என்று பலரும் விளக்குவர். அமைடோ அம்மோனியாவின் வழிவந்தது. அம்மோனியா எகிப்தியர் வணங்கிய அமுன் என்னும் தெய்வத்தின் பெயரால் வந்தது. அப்பொருளின் முதுகெலும்பாக நிற்கும் மற்றொரு கூறுக்கு, இலண்டனில் வாழ்ந்த செருமானிய மருத்துவர் துடிக்கம் 1884-இல் பெயரிட்டார். மூளையில் அதனைக் கண்டு, அது விடுத்த புதிர்களை எண்ணி, புதிர்போடும் கிரேக்கக் கதை விலங்காகிய 'இசுபிங்சு' என்பதன் பெயரைச் சூட்டினார். பாருங்கள்: மெழுகும், கோயிலும், பாட்டி கதையும் சேர்ந்தே அவர்களின் அறிவியற் சொல் ஆகியிருக்கிறது. தம் வீட்டுப் பொருளையும் தம் கதையையும் கொண்டு அவர்கள் பெயரிடும்போது, நம் வீட்டுச் சொல்லை எடுக்க நாம் மட்டும் ஏன் நாண வேண்டும்?

மெழுகு என்பது நமக்குப் பெயருமாம். தரையை மெழுகு என்னும்போது வினையுமாம். இடுக்கை அடைத்துப் பூசும் இப்பொருளுக்கு அவ்விரண்டும் பொருந்தும். முதலில் 'மெழுகி' என்று ஆக்க எண்ணினேன். "மெழுகிக் கோலமிட்டாள்" என்னும் வினையெச்சத்தோடு அது மயங்குமென்று விட்டுவிட்டேன். செபத்தைக் குறை கூறிய நானே அதே பிழையைச் செய்யலாகாதன்றோ? ஆகவே 'மெழுகியம்' என்று முன்வைக்கிறேன். இதனிற் சிறந்த சொல் ஒன்றை அன்பர் எவரேனும் காட்டினால் முதலில் ஏற்பவன் நானாக இருப்பேன். 'லிப்பிடு' என்பதற்குக் கொழுமியம் என்று எழுதுவோர் இன்று உளர்; அந்நெறியில் இதுவும் நடக்கட்டும்.

இரு பொருளுக்கு இரு சொல் இல்லாமையால் விளையும் தீங்கை, அதே மாணவியிடம் கண்டேன். அவளுக்கு முகப்பரு மிகுதி. "முகத்தில் எண்ணெய் இருப்பதால்தான் பரு, எண்ணெயைக் கழுவு" என்று யாரோ சொல்லிவிட்டனர். நாளொன்றுக்கு ஏழெட்டு முறை சோப்பு எனப்படும் வழலையிட்டுத் தேய்த்துக் கழுவியிருக்கிறாள். பருவும் போகவில்லை, முகம் சிவந்து, தோல் உரிந்து, தண்ணீர் பட்டாலே எரிந்தது. வகுப்பு முடிந்தபின் அவளிடம் கரும்பலகையில் செங்கல்லும் சாந்தும் வரைந்து காட்டினேன். மேலே வழியும் தோல்நெய் ஒன்று, உள்ளே நிற்கும் தோற்சாந்து ஒன்று. வழலைக்கு இவ்வேறுபாடு தெரியாது, இரண்டையும் அரித்துக்கொண்டு போகும் என்றேன். சற்று நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அப்படியானால் சாந்தையும் சேர்த்துக் கழுவிவிட்டேனா, ஐயா?" என்றாள். அன்று அவளுக்கு நான் மருந்தொன்றும் தரவில்லை. தோல் மருத்துவரிடம் போகுமாறு கூறி, இரண்டு சொற்களைத் தந்தேன். கழுவுவதை அன்றே குறைத்துக்கொண்டாள்.

முதுமையில் தோல் வறண்டு அரிக்கும் பெரியோர்க்கும், கரப்பான் நோயால் சொறிந்து சொறிந்து உறங்காத குழந்தைகட்கும் இச்சாந்து குறைந்திருப்பதை மருத்துவ ஆய்வுகள் காட்டியுள்ளன. அக்குழந்தையின் தாயிடம் மருத்துவர் அயற்சொல்லைச் சொல்லிச் சீட்டெழுதுகிறார். அவள் கடையில் விலை மிகுந்த குப்பியை வாங்குகிறாள். எதை வாங்கினோம், எதற்காகப் பூசுகிறோம், குளித்து ஈரம் காயுமுன் ஏன் பூசவேண்டும் என்பதொன்றும் அவளுக்குத் தெரிவதில்லை. "சுவரில் சாந்து உதிர்ந்திருக்கிறது அம்மா, நீர் வெளியேறுமுன் பூசி அடைக்கவேண்டும்" என்று சொன்னால் விளங்காத தாய் தமிழ்நாட்டில் உண்டா? தெரியாத சொல்லுக்கு மக்கள் இருமுறை விலை கொடுக்கின்றனர்: கடையில் ஒருமுறை, உடம்பில் ஒருமுறை.

'சருமம்' என்பதைப் பற்றியும் ஒரு சொல். தோல் என்றால் செருப்புக்கு ஆவது என்றும், சருமம் என்றால் சீமாட்டிக்கு உரியது என்றும் ஒரு வேறுபாட்டை விளம்பரக்காரர் விதைத்துவிட்டனர். மருத்துவர் சிலரும் தம் பெயர்ப்பலகையில் தோல் என்றெழுதக் கூசுகின்றனர். தோலுக்குத் தாழ்வும் அதன் வடசொற் பெயருக்கு உயர்வும் எங்கிருந்து வந்தன? இரண்டும் குறிப்பது ஒன்றே. உடுத்தும் சொல்லிலும் உயர்வு தாழ்வு கற்பிப்பது நம்மிடையே ஊறிய பழைய நோயின் மற்றொரு புண்ணேயாம்.

"தமிழிற் கற்றவன் மேற்படிப்பில் தடுமாறுவானே" என்பது இறுதியாக எழும் தடை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் கிறீன் 1860-களிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூலையும் வேதியல் நூலையும் தமிழிற் கொணர்ந்தார். அவர் ஆண்ட சொற்களில் வடசொல் மிகுதி. அதனை நாம் ஏற்கவேண்டுவதில்லை. ஆயினும் அயல்நாட்டிலிருந்து வந்த ஒருவர் துணிந்து செய்ததை, இம்மண்ணிற் பிறந்த நாம் இயலாதென்பது நாணத்தக்கது. பொருளைத் தன் மொழியில் விளங்கிக்கொண்டவனுக்கு அயற்பெயரைக் கற்க ஒரு நாழிகை போதும். பெயரை மட்டும் உருப்போட்டவனுக்குப் பொருள் விளங்க ஓராண்டும் போதாது. நூலின் இறுதியில் இருமொழிப் பட்டியலொன்றை இணைத்துவிட்டால் இத்தடை தானே தீரும்.

எனவே, அன்பர்களே, மூன்று செய்யுங்கள். உயிரியல் ஆசிரியராயின், நாளைய வகுப்பிலேயே தோல்நெய், தோற்சாந்து என்னும் இரு சொல்லையும் படம் வரைந்து பழக்குங்கள். மருத்துவராயின், நோயாளியிடம் சீட்டைத் தருமுன் இச்சொற்களால் ஒருமுறை விளக்குங்கள். இரண்டும் அல்லீராயின், வீட்டில் வழலைக் கட்டியை எடுக்கும் பிள்ளைக்குச் சாந்துச் சுவரின் கதையைச் சொல்லுங்கள். சொல் அகரமுதலியில் ஏறுவதால் வாழ்வதில்லை; வாயில் ஏறுவதாலேயே வாழும். ஒரு பொருளுக்கு ஐவர் ஐந்து சொல்லாக்கித் தம் தம் சொல்லே மேலென்று பூசலிடும் வழக்கத்தையும் விட்டொழிப்போம். பொருந்தும் ஒன்றைத் தேர்வோம். தேர்ந்ததை அனைவரும் வழங்குவோம்.

அம்மாணவி இன்று செவிலியர் கல்வி பயில்கிறாள். அங்கு அவள் ஆங்கிலத்தில் எழுதுகிறாள், தடுமாறவில்லை. ஆனால் சிற்றூரிலிருந்து வரும் தாய்மாரிடம் பேசும்போது, "தோற்சாந்து" என்றே சொல்வதாகவும், அவர்கள் "என்ன சொன்னாய்?" என்று மறுபடி கேட்பதில்லை என்றும் எனக்கு எழுதியிருக்கிறாள்.